அந்த ஒரே ஃபைலுக்குள் ஆறு வருடக் கடிதங்கள்

டெல்டா மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவர் கடிதத்தின் சுருக்கம் இதுதான்:

"என் கணவர் 2004-லிருந்து 2010 வரை மஸ்கட்டில் வேலை பார்த்தார். போன் பேசக் காசு அதிகம் என்பதால் வாரத்துக்கு இரண்டு மூன்று இமெயில் எழுதிக்கொள்வோம். நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்துப் படிப்பேன், பதில் எழுதுவேன். 2006-ல் எங்கள் மகள் பிறந்தபோது அவரால் வர முடியவில்லை. அன்று ராத்திரி அவர் எழுதிய கடிதத்தை பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். வீடு மாறியதில் அது தொலைந்துவிட்டது. என்னுடைய அந்தக் கால இமெயில் கணக்கும் போய்விட்டது. இரண்டு வருடம் முன்பு அவர் தவறிவிட்டார். போன மாதம் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று கடைக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கணவரின் பழைய லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தந்திருக்கிறார். அதில் அவுட்லுக் என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல் இருக்கிறது. 1.4 ஜிபி. தொட்டால் திறக்கவில்லை. 'இது லினக்ஸில் திறக்காது, விண்டோஸும் அவுட்லுக்கும் வாங்க வேண்டும்' என்கிறார் கடைக்காரர். கல்லூரியில் படிக்கும் மகள் தானே பார்க்கிறேன் என்கிறாள். முடியுமா? இன்னொன்று. அவருடைய பெட்டியை நாங்கள் திறப்பது சரிதானா என்றும் மனசு உறுத்துகிறது."

சகோதரி, முடியும். ஒரு ரூபாய் செலவில்லாமல் முடியும். உங்கள் மகளே செய்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கும் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ஃபைல் என்ன என்று பார்த்துவிடுவோம்.

அது என்ன ஃபைல்?

இன்றைக்கு நம் இமெயில் எல்லாம் எங்கோ ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாம் போனில் பார்க்கிறோம், அவ்வளவுதான். 20 வருடம் முன்பு அப்படி இல்லை. இலவச இமெயிலில் இடம் இன்று இருப்பதைவிடக் குறைவு. அதனால் அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் கடிதங்களை இறக்கி நம் கம்ப்யூட்டரிலேயே சேர்த்து வைத்தன. வந்த கடிதம், அனுப்பிய கடிதம், இணைத்த போட்டோ, முகவரிப் புத்தகம், காலண்டர் எல்லாம் ஒரே ஃபைலுக்குள். அந்த ஃபைலின் பெயர் 'பிஎஸ்டி' என்ற மூன்று எழுத்தில் முடியும்.

சகோதரி, இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கணவரின் ஃபைலில் அவர் உங்களுக்கு அனுப்பியது மட்டுமில்லை, நீங்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவருக்கு எழுதியதும் இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கணக்கு போனாலும் உங்கள் கடிதங்கள் அவர் பெட்டியில் தங்கியிருக்கும்.

இது ஏன் தொட்டதும் திறக்கவில்லை? அந்த வடிவம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் அவுட்லுக்குக்காக வைத்துக்கொண்ட சொந்த அமைப்பு. ஆனால் அது இன்று ரகசியம் இல்லை. உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை 2010-ல் அந்த நிறுவனமே வெளியிட்டுவிட்டது. அதற்கு முன்பே சில தன்னார்வலர்கள் ஃபைலைப் பிரித்து ஆராய்ந்து 'லிப்பிஎஸ்டி' என்ற இலவசக் கருவியை எழுதிவிட்டார்கள். லினக்ஸில் நாம் பயன்படுத்தப் போவது அதைத்தான். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. தொட்டால் திறக்காது. ஆனால் அதற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் ஒரு வேலை

ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் மூல ஃபைலைத் தொடாதீர்கள். அதை காப்பி செய்து கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். நாம் சொல்லப்போகும் கருவி ஃபைலைப் படிக்க மட்டுமே செய்யும், மாற்றாது. இருந்தாலும் இருப்பது ஒரே ஒரு ஃபைல். கை தவறி அழித்துவிட்டால் மறுபடி கிடைக்காது.

உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் தொடங்குங்கள். காப்பி எடுத்த ஃபைலை அதற்குள் போடுங்கள். பெயரைச் சுருக்கமாக மாற்றிக்கொண்டால் டைப் செய்ய வசதி. 'ஓ எல் டி' என்று வைத்து, புள்ளிக்குப் பின் இருக்கும் 'பி எஸ் டி' அப்படியே இருக்கட்டும். அதே இடத்தில் 'எம் ஏ ஐ எல்' என்ற பெயரில் இன்னொரு காலி ஃபோல்டரும் தொடங்கிவிடுங்கள். பிரிக்கப்படும் கடிதங்கள் அதில்தான் வந்து விழும்.

இனி மகளின் வேலை

உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டிலும் இதே வழிதான். அந்த ஃபோல்டருக்குள் காலி இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'டெர்மினலில் திற' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து மட்டும் உள்ள ஜன்னல் ஒன்று வரும். பயப்பட வேண்டாம், இரண்டே வரிதான். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

முதல் வரி கருவியை இறக்குவதற்கு. இன்டர்நெட் இணைப்பு இருக்கட்டும். 'சூடோ' (எஸ் யு டி ஓ), இடைவெளி, 'ஆப்ட்' (ஏ பி டி), இடைவெளி, 'இன்ஸ்டால்', இடைவெளி, 'பிஎஸ்டி-யுடில்ஸ்' (பி எஸ் டி, நடுவில் சிறு கோடு, யு டி ஐ எல் எஸ்). என்டர் தட்டினால் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு கேட்கும். டைப் செய்யும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாமல் போகலாம். அது கோளாறு இல்லை. டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

இரண்டாவது வரி கடிதங்களைப் பிரிப்பதற்கு. 'ரீட்பிஎஸ்டி' (ஆர் ஈ ஏ டி பி எஸ் டி, இடைவெளி இல்லாமல்), இடைவெளி, சிறு கோடும் ஒட்டினாற்போல் 'ஈ' எழுத்தும், இடைவெளி, சிறு கோடும் ஒட்டினாற்போல் 'ஓ' எழுத்தும், இடைவெளி, காலி ஃபோல்டரின் பெயர், இடைவெளி, ஃபைலின் முழுப்பெயர் புள்ளியோடு. என்டர்.

'ஈ' என்று போட்டது ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி ஃபைலாகப் பிரிக்கச் சொல்ல. 'ஓ' என்று போட்டது எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று காட்ட. 1.4 ஜிபி என்றால் கொஞ்ச நேரம் ஓடும். முடிந்ததும் காலி ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். வந்த கடிதங்களுக்கு ஒரு ஃபோல்டர், அனுப்பியவற்றுக்கு ஒரு ஃபோல்டர், அவர் தானாக ஏதாவது பெயர் வைத்துப் பிரித்திருந்தால் அதே பெயரில் ஃபோல்டர் என்று இருக்கும். உள்ளே 1, 2, 3 என்று எண்ணிட்ட ஃபைல்கள், ஒவ்வொன்றும் 'ஈ எம் எல்' என்று முடியும். ஒரு ஃபைல், ஒரு கடிதம். அவர் இணைத்து அனுப்பிய போட்டோவும் அந்தந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கும்.

டெர்மினல் என்றாலே ஒவ்வாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 'எவல்யூஷன்' என்ற இலவச இமெயில் மென்பொருளையும், அதனுடன் சேரும் 'பிஎஸ்டி இம்போர்ட்' என்ற துணைக் கருவியையும் போட்டுக்கொண்டால், அதன் ஃபைல் மெனுவில் உள்ள இம்போர்ட் வழியாகவே பிஎஸ்டி ஃபைலை உள்ளே எடுக்கலாம். ஆனால் கடிதங்கள் தனித்தனி ஃபைலாக நம் கையில் இருப்பது பின்னால் பாதுகாக்க வசதி என்பதால் நான் முதல் வழியையே சொல்வேன்.

அந்த ஒரு கடிதத்தைத் தேடுவது எப்படி?

லினக்ஸ் மின்ட்டில் 'தண்டர்பேர்ட்' என்ற இமெயில் மென்பொருள் கூடவே வரும். உங்களிடம் இல்லையென்றால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் வலது பொத்தானை அழுத்திப் புது ஃபோல்டர் தொடங்கி, பிரித்த கடித ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து இழுத்துக் கொண்டுவந்து போடுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற இலவசத் துணைக் கருவி மொத்தமாக உள்ளே எடுத்துவிடும்.

ஒரு கவனம். தண்டர்பேர்டில் உங்கள் இப்போதைய இமெயில் கணக்கையும் சேர்த்திருந்தால், அந்தக் கணக்கின் ஃபோல்டரில் இழுத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய கடிதங்கள் அத்தனையும் இன்டர்நெட் வழியாக அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு ஏறிவிடும். லோக்கல் ஃபோல்டர்ஸ் என்றால் வீட்டுக் கம்ப்யூட்டரோடு சரி.

கடிதங்கள் உள்ளே வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேடும் ஜன்னல் வரும். தேதி என்ற நிபந்தனையில் மகள் பிறந்த நாளுக்கு முந்தைய நாளை 'இதற்குப் பின்' என்றும், ஒரு வாரம் கழித்து வரும் நாளை 'இதற்கு முன்' என்றும் கொடுங்கள். பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் பழைய முகவரி. அந்த வாரத்துக் கடிதங்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

கடிதம் இருக்கிறது, எழுத்து புரியவில்லை!

இந்த இடத்தில் பலர் மனம் உடைந்துபோவார்கள். கடிதத்தைத் திறந்தால் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருக்கும். அல்லது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது தமிழ்தான்.

அந்த நாளில் யூனிகோடு தமிழ் இன்று போல எல்லா இடத்திலும் புழங்கவில்லை. திஸ்கி, பாமினி, டாப், டாம் என்று பல முறைகள். ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பிய எழுத்துகளும் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஒட்டி வைத்த எழுத்துருக்கள் அவை. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அடியில் இருக்கும் எழுத்துகள் அப்படியே தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, பாமினியில் எழுதிய 'அம்மா' என்ற சொல் இன்று திறந்தால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று ஐந்து குறிகளாகத்தான் தெரியும். 'மகள்' என்றால் 'கே, எஃப், எஸ், அரைப்புள்ளி'.

வழி எளிது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்தவற்றில் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் அவர் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு இருக்கும். அந்த ஃபைலை இரண்டு முறை சொடுக்கினால் லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். பிறகு கடிதத்தின் வரிகளை காப்பி செய்து லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் ஒட்டி, அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பாமினி அநேகமாக உடனே தமிழாக மாறிவிடும். திஸ்கி சில நேரம் முரண்டு பிடிக்கும். லினக்ஸில் இருக்கும் 'ஐகான்வ்' என்ற சிறு கருவிக்குத் திஸ்கியை யூனிகோடாக மாற்றத் தெரியும். 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பும் இந்த வேலையைச் செய்யும். மகளின் தோழிகளில் கம்ப்யூட்டர் படிப்பவர் யாராவது இருந்தால் இந்த இரண்டு பெயரையும் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

யாரிடமும் ஃபைலைக் கொடுக்காதீர்கள்

இணையத்தில் 'பிஎஸ்டி ஃபைலை இங்கே ஏற்றுங்கள், இலவசமாகத் திறந்து தருகிறோம்' என்று பல இடங்கள் இருக்கின்றன. வேண்டாம். ஆறு வருடக் கடிதப் பெட்டிக்குள் பாஸ்போர்ட் நகல், விசா, வங்கிக் கணக்கு எண், சம்பளச் சீட்டு, குழந்தையின் போட்டோ எல்லாம் இருக்கும். முகம் தெரியாதவர் கம்ப்யூட்டருக்கு அதை ஏற்றிவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது.

'அதற்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதே' என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். பிஎஸ்டி ஃபைலின் பாஸ்வேர்டு அவுட்லுக் மட்டும் மதிக்கும் பாஸ்வேர்டு. உள்ளே இருக்கும் கடிதங்களை அது பூட்டுவதில்லை. நாம் மேலே சொன்ன கருவி அந்தப் பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை. பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு இது நிம்மதி. அதே நேரம், ஃபைல் யார் கைக்குப் போனாலும் அவர்களும் இதே போலத் திறக்கலாம். கடைக்காரரிடம் ஒரு நகல் இருந்தால் அழித்துவிடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மற்ற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கலாம். காயலான் கடைக்குப் போடும் முன்பும், ஃபார்மட் செய்யக் கொடுக்கும் முன்பும் ஒன்றைக் கவனியுங்கள். 'மை டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்துவிட்டோம்' என்றால் கடிதங்கள் வந்துவிட்டன என்று அர்த்தமில்லை. அந்தக் கால அவுட்லுக் தன் ஃபைலை விண்டோஸுக்குள் கண்ணில் படாத ஒரு மறை ஃபோல்டரில் வைத்திருந்தது. டிஸ்க் முழுவதும் 'பிஎஸ்டி' என்று தேடச் சொல்லுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியிருந்தால் 'டிபிஎக்ஸ்' என்று முடியும் ஃபைல்களைத் தேட வேண்டும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி ஃபைலாக இருக்கும். அதைப் பிரிக்க லினக்ஸில் 'அன்டிபிஎக்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது.

2002 அல்லது அதற்கு முந்தைய அவுட்லுக்கில் ஒரு ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போக முடியாது. அந்த எல்லையைத் தொட்ட ஃபைல்கள் பழுதாவது வழக்கம். அப்படிப்பட்ட ஃபைலிலிருந்தும் பெரும்பகுதியை மீட்க முடியலாம். ஒருமுறை முயன்று பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

திறப்பது வேறு, படிப்பது வேறு

இப்போது சகோதரியின் இரண்டாவது கேள்வி. கவனித்துப் பாருங்கள், மேலே சொன்ன வேலையில் பெட்டியைப் பிரிக்கும் வரை யாரும் ஒரு கடிதத்தையும் படிக்க வேண்டியதில்லை. 1, 2, 3 என்று எண்கள் மட்டும்தான் தெரியும். அதுவரை மகள் செய்யட்டும். அதற்குப் பிறகு நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

தேடும் ஜன்னலில் உங்கள் பழைய முகவரியைக் கொடுத்தால் அவர் உங்களுக்கு எழுதியதும் நீங்கள் அவருக்கு எழுதியதும் மட்டும் வரும். அவற்றை ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். அவை உங்களுடையவை. அவற்றைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவருடைய நண்பர்கள் எழுதியது, உடன் வேலை பார்த்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி எழுதியது எல்லாம் அவரை நம்பி மற்றவர்கள் எழுதியவை. இன்ஷூரன்ஸ், வைப்புநிதி, நிலப் பத்திரம் பற்றி ஏதாவது தேவைப்பட்டால் அந்தச் சொற்களைக் கொடுத்துத் தேடி, அந்தக் கடிதத்தை மட்டும் பாருங்கள். மற்றவை பெட்டியிலேயே இருக்கட்டும். அழிக்கவும் வேண்டாம்.

கணவன் மனைவி கடிதத்தில் சண்டையும் இருக்கும், கடன் கவலையும் இருக்கும், மகள் படிக்க வேண்டாத வரிகளும் இருக்கும். நீங்கள் முதலில் படித்துவிட்டு, அவளுக்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யுங்கள். அவள் பிறந்த அன்று எழுதிய கடிதத்தை மட்டும் கட்டாயம் அவளிடம் கொடுங்கள். அதில் அவளுக்கும் பங்கு இருக்கிறது.

இனி தொலையாமல் இருக்க

பிரித்தெடுத்த 'ஈ எம் எல்' ஃபைல் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமான வடிவம் இல்லை. மின்னஞ்சலின் அமைப்புக்கு 1982-ல் எழுதிய பொது விதி, பிறகு திருத்தங்களோடு இன்று வரை நடப்பில் இருக்கிறது. அதைப் பின்பற்றிய சாதாரண எழுத்து ஃபைல் அது. 20 வருடம் கழித்து உங்கள் மகள் எந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் திறக்க வழி இருக்கும்.

மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று வீட்டிலுள்ள ஹார்டு டிஸ்க்கில். ஒன்று நம்பிக்கையான உறவினர் வீட்டில், பாஸ்வேர்டு போட்டு உண்மையாகவே பூட்டிய பென் டிரைவில். வருடம் ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது, மூன்றும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய பிஎஸ்டி ஃபைலையும் கூடவே வைத்திருங்கள். முக்கியமான கடிதங்களைக் காகிதத்தில் பிரின்ட் எடுங்கள், இந்த முறை இரண்டு பிரதி.

சந்தேகம் எந்தப் படியில் வந்தாலும், திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள், அடுத்தடுத்த வாரங்களில் பதில் சொல்கிறேன். கடிதத்தின் உள்ளே இருப்பதை எழுத வேண்டாம் சகோதரி. கிடைத்துவிட்டது என்று ஒரு வரி போதும்.